பாதி பெட்டியில், பாதி மடியில்

1

இன்று காலை அலுவலக மேசையில் ஒரு பெட்டியைத் திறந்தேன். உள்ளேயிருந்து ஈரச் சாக்கும் முளைவிட்ட உருளைக்கிழங்கும் கலந்த வாசனை எழுந்தது. சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும் அந்தப் பெட்டி. ஹூக்ளிப் பக்கம் ஓர் உருளைக்கிழங்குக் குளிர்கிடங்கின் சுவரில் தொங்கி, உள்ளே குளிர் எவ்வளவு என்று வெளியே சொல்லிக்கொண்டே இருப்பது அதன் வேலை. குளிர்கிடங்கை இங்கே ஹிம்கோர் என்பார்கள். மூடி விரிசல் விட்டதால் திரும்பி வந்திருக்கிறது, மற்றபடி பழுதில்லை.

ஆனால் வாசனை சும்மா இருக்குமா? ஒரே இழுப்பில் என்னைக் கோவில்பட்டியில், அக்காவின் வளைகாப்பு நாளில், மண்டபத்துச் சாமான் அறையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. எனக்கு அப்போது பதினோரு வயது. சாக்கு மூட்டைகளுக்கு நடுவே சரோஜா அத்தை உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். அப்பாவின் தங்கை. திருநெல்வேலியில் டெலிபோன் ஆபீஸில் வேலை. சம்பளக்காரி, நல்ல புடவைக்காரி. அன்றைக்கும் நல்ல புடவைதான். ஆனால் கூடத்துக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. பிள்ளை இல்லை.

மஞ்சள் எடுக்க அம்மா உள்ளே வந்தாள். அத்தை தலையை நிமிர்த்தி, "மதினி, பிள்ளைக்கு முதுகுக்கு ஒரு தலகாணி வைங்க, ரொம்ப நேரமா உக்காந்திருக்கா" என்றாள். அம்மா குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. "மலடிக்குப் பிரசவம் பாக்கத் தெரியுமாம்" என்றாள். கதவோரம் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தையின் கத்தி நிற்கவில்லை. தோல் ஒரே நீளமாக, அறுபடாமல் இறங்கிக்கொண்டே இருந்தது.

கல்கத்தாவில் இருபது வருஷம் முடித்ததைப் பற்றி ஊர்க்காரர்களுக்காக உங்கள் மலருக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். டிராம், பூஜைப் பந்தல், மீன் வாசனைக்கு நாங்கள் பழகிய கதை என்று எழுதிவைக்க நிறையவே இருந்தது. பெட்டியைத் திறந்த பிறகு அதையெல்லாம் எழுதக் கை வரவில்லை. ஊரிலிருந்து நான் என்ன கொண்டுவந்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

2

வீடு லேக் கார்டன்ஸில். அலுவலகம் பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பின்னால், இரண்டாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் ரயில், மூடினால் கொசு. எங்கள் சின்ன நிறுவனம் செய்வதெல்லாம் இந்தப் பெட்டிதான்.

பெட்டிக்குள் ஒரு குட்டி லினக்ஸ் ஓடுகிறது. அதை யாரும் கையால் உள்ளே வைப்பதில்லை. அதில் சேரும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு ரெசிபி உண்டு. எங்கிருந்து எடுப்பது, என்ன ஒட்டுப் போடுவது, எதை எதோடு சேர்ப்பது, பெட்டியில் எந்த மூலையில் வைப்பது என்று பத்திருபது வரி. மூலையில் இருக்கும் பெரிய இயந்திரம் எல்லா ரெசிபிகளையும் வாசித்து, மொத்தத்தையும் கட்டி, ஒரே உருண்டையாகக் கையில் தரும். அதற்கு பில்ட் என்று பெயர். பில்ட் ஓடும்போது இயந்திரத்தின் விசிறி உறுமும். அது அடங்கும் வரைக்கும் நாங்கள் டீ குடிப்போம். இங்கே டீயைச் 'சாப்பிடுவார்கள்'. தண்ணீரையும், சிகரெட்டையும்கூட. இப்போதெல்லாம் வீட்டில் நானே "தண்ணி சாப்பிட்டியா?" என்று கேட்கிறேன். என் மனைவி புவனா மட்டும்தான் இன்னும் முறைக்கிறாள்.

ரெசிபியில் வேலி போட்ட மாதிரி ஒரு குறியோடு தொடங்கும் வரிகள் உண்டு. அவை மனிதர்களுக்கான குறிப்புகள், இயந்திரம் அவற்றைத் தாண்டிப் போய்விடும். அந்த வரிகளில்தான் நான் தமிழில் எழுத ஆரம்பித்தேன். எப்போது என்று நினைவில்லை. இந்த ஊரில் என் தமிழுக்கு இடம் எங்கே? வீட்டில் பருப்புக்கும் பாலுக்கும் மட்டும் அது செலவாகிக்கொண்டிருந்தது. ஒரு ரெசிபியில், 'மழை. கரியாஹாட்டில் முழங்கால் தண்ணீர். இந்த ஒட்டு நாளை வரை தாங்கினால் போதும்' என்று எழுதினேன். இன்னொன்றில், 'இன்று முழுக்க ஒருவரோடும் தமிழில் பேசவில்லை. இந்த வரி அதற்கு ஈடு.' யாரும் படிக்க மாட்டார்கள் என்பதில் ஒரு சுகம் இருந்தது. ஜன்னல் இல்லாத அறையில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்வது மாதிரி.

அப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமை புது இயந்திரம் வந்து இறங்கியது. அதற்கு ஆங்கில எழுத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. என் தமிழ் வரி ஒன்றில் முட்டி, பில்ட் நின்றுவிட்டது. எதிர் மேசையிலிருந்து ஷோமா எட்டிப் பார்த்தாள். ஜாதவ்பூரில் படித்தவள், என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். எங்கள் இருவருக்கும்தான் இந்த ரெசிபிக் காடு முழுவதும் பொறுப்பு. நான் எழுதுவதை அவள் பார்த்து ஒப்பவேண்டும், அவள் எழுதுவதை நான். அது அலுவலக விதி. என்னை அண்ணன் என்ற பொருளில் 'தாதா' என்பாள், பேரோடு சேர்த்தால் ஷண்முக்தா.

"ஷண்முக்தா, உங்க ஜிலேபி எழுத்துல பில்ட் வழுக்கி விழுந்துடுச்சு. என்ன இது?"

"ஒண்ணுமில்ல. கவிதை."

"ஆபீஸ் நேரத்துல கவிதையா! போச்சு, நீங்க முழு வங்காளி ஆயிட்டீங்க. இனிமே மீன் விலையைப் பத்திச் சண்டை போடணும், அவ்வளவுதான் பாக்கி."

அந்த வரிகளை அழித்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. அவள் அழிக்கவில்லை. அன்று மதியம் முழுக்க உட்கார்ந்து, எல்லா மொழி எழுத்தையும் ஏற்றுக்கொள்ளும்படி இயந்திரத்தை மாற்றினாள். மாற்றத்துக்கான காரணம் என்ற இடத்தில், 'ரெசிபிகளில் கவிதைகள் இருக்கின்றன' என்று ஆங்கிலத்தில் எழுதினாள்.

என் தமிழுக்கு இந்த ஊரில் ஒருத்தி இடம் பிடித்துக் கொடுத்தாள் என்று சொன்னால் அது மிகையல்ல. அந்த இடத்தில் நான் என்ன வைத்தேன் என்பதுதான் மீதிக் கதை.

3

ஹூக்ளிப் பெட்டிகள் நாலைந்து நாளுக்கு ஒருமுறை உறைந்து போயின. குளிரால் அல்ல. உள்ளே ஓடும் நிரல் திடீரென்று கல்லாகிவிடும். அணைத்துப் போட்டால் பிழைத்துக்கொள்ளும். காரணம் மட்டும் பிடிபடவில்லை. குளிர் குறைந்தது தெரியாமல் ஒரு கிடங்கின் கிழங்கு முளைவிட்டால் ஒரு தாலுகாவே வந்து வாசலில் நிற்கும்.

நானும் ஷோமாவும் நேரில் போனோம். வாசலில் காவலாளி படிவம் நீட்டினார். பெயர், அப்பா பெயர், சொந்த ஊர். கோவில்பட்டி என்று எழுதினேன். அவர் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, எந்த நாடு என்று கேட்டார். ஷோமா சிரித்துச் சிரித்து அந்தப் படிவத்தில் நாலு கையெழுத்துப் போட்டாள். 'இவரை நான் அறிவேன்' என்ற கட்டத்திலும் அவள்தான் போட்டாள்.

உள்ளே சாக்கின் மேல் சாக்கு, கோபுரம் கோபுரமாக. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், கார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள். மூன்று முறை சிகிச்சை. மூன்றும் நிற்கவில்லை. டாக்டர் போதும் என்றுவிட்டார். "மாமியார் ஒண்ணும் சொல்லல, தாதா. அதுதான் கஷ்டமா இருக்கு. சொன்னா சண்டை போடலாம்." ஏன் என்னிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. புவனாவிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, நீங்களே சொல்லிவிடுங்கள், அப்போதுதான் குழந்தைப் பேச்சை எடுக்கமாட்டார்கள் என்றாள். என் மகள் தாரிணிக்கு இவள்தான் ஷோமா மாஷி. வங்காளத்தில் மாஷி என்றால் சித்தி. தாரிணியின் வங்காள வீட்டுப்பாடம் முழுக்க இவள் மடியில்தான் நடந்தது.

நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கு எனக்குள் இருந்தது நிஜமான வருத்தம்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். வருத்தமும் மற்றதும் ஒரே மனசில்தான் குடியிருந்தன.

4

நோயைக் கண்டுபிடிக்க ஒரு டிபக்கர் வேண்டும் என்று முடிவானது. ஓடுகிற நிரலை நடுவழியில் நிறுத்தி, நீ இப்போது எங்கே நிற்கிறாய், யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று கேட்கிற கருவி. அதற்கு ரெசிபி எழுதிப் பெட்டிக்குள் சேர்க்கும் பொறுப்பு எனக்கு.

முழு டிபக்கரையும் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவது என் திட்டம். எங்கே போனாலும் அங்கேயே திறந்து பார்க்கலாம் அல்லவா? இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன். அது யானை. பெட்டியோ கோழிக்கூடு. இதை நீக்கினேன், அதைச் சுருக்கினேன், எதற்கும் அடங்கவில்லை. கடைசியில் பழைய பதிவுகளைச் சேமிக்கிற இடத்தைப் பிடுங்கி அதில் திணித்தேன். திணித்ததைச் சாதனை என்று நினைத்துக்கொண்டு கூட்டத்தில் எழுந்து நின்றேன். என் வங்காளம் பாதியில் கால் இடறியது. யாரோ சிரித்தார்கள். ஷோமா சிரிக்கவில்லை. எழுந்து பலகையில் ஒரு சின்னப் பெட்டி வரைந்தாள், தள்ளி ஒரு மேசை வரைந்தாள், நடுவே ஒரு கோடு.

"முழுசும் வேண்டாம் தாதா. டிபக்கரை ரெண்டாப் பிரிக்கலாம். பெட்டியில ஒரு குட்டி ஏவலாள் மட்டும். மூளை இங்க நம்ம மேசையில. பேர்களையும் பெட்டியிலிருந்து எடுத்துடலாம், இடம் மிஞ்சும். அது வெறும் கதவு எண்ணைச் சொன்னாப் போதும். அந்த வீட்டுல யார் இருக்காங்கன்னு மேசைக்குத் தெரியும்."

அவள் சொன்னது சரி. உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கும் தெரிந்திருக்க வேண்டியதுதான். முதலாளி என்னைப் பார்த்து, "ரெண்டு வாரம் இதைத்தான் பண்ணிட்டிருந்தீங்களா, ஷண்முக் பாபு?" என்றார். கோபமாகக்கூட இல்லை. பரிதாபமாக.

மேசைக்குத் திரும்பினேன். அவள் சொன்னபடியே எழுதினேன். குட்டிப் பாதிக்குத் தனிப் பொட்டலம், பெரிய பாதிக்குத் தனிப் பொட்டலம், இரண்டும் ஒரே மூலத்திலிருந்து, ஒரே பதிப்பாக. சுத்தமான ரெசிபி. பிறகு, பொட்டலத்தைப் பிரிக்கும் வரிக்கு மேலே வேலிக்குறியைப் போட்டு, தமிழில் இதை எழுதினேன்:

'மலடிக்குப் பிரசவம் பார்க்கத் தெரியுமாம். அவள் சொன்னபடியே பாதியைப் பெட்டியில் வைத்தேன். மீதிப் பாதியை அவள் மடியில் போட்டுத் தாலாட்டிக்கொள்ளட்டும்.'

ஓசை நன்றாக விழுந்திருக்கிறது என்றுகூட நினைத்தேன். விதிப்படி அதை ஷோமாவுக்கே அனுப்பிவைத்தேன். அவள் பார்த்து ஒப்பினாள். 'அழகான ரெசிபி. கவிதை வேறு!' என்று ஓரத்தில் எழுதியிருந்தாள்.

டிபக்கர் வேலை செய்தது. ஹூக்ளியில் பெட்டி உறைந்த அன்று இங்கிருந்தே கேட்டோம். உள்ளே இரண்டு வேலைகள், ஒன்று விடட்டும் என்று மற்றொன்று, இரண்டும் கையில் இருப்பதை விடாமல் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றுகொண்டிருந்தன. கண்டுபிடித்தவள் ஷோமா. பாராட்டில் என் பெயரையும் சேர்த்துக்கொண்டவளும் அவள்தான்.

5

லேக் மார்க்கெட் பக்கம் கணபதி அண்ணாச்சியின் கடை. திருநெல்வேலிக்காரர். அப்பளம், புளி, காபித்தூள். இருபது வருஷமாக என் சனிக்கிழமைகள் அங்கேதான். போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை போனபோது, ஆளைப் பார்த்ததும் எடை போடுவதை நிறுத்திவிட்டார்.

"வாங்க. உள்ள வந்து ஒக்காருங்க."

"நேரமாச்சு அண்ணாச்சி, தூள் மட்டும்..."

"தூளு எங்கயும் போவாது. ஒக்காருங்கங்கேன்."

உட்கார்ந்தேன்.

"ஒங்க ஆபீஸ் புள்ள வந்துச்சு. சோமா. நம்மளச் சித்தப்பான்னு, காக்குன்னுதான் கூப்புடும். கையில ரெண்டு தாளு, பூராவும் தமிழு. 'காக்கு, இதெல்லாம் ஷண்முக்தா எழுதுன கவிதை. அவருக்கு இருவது வருஷ விழா வருது. தெரியாம ஒண்ணு செய்யப் போறோம். படிச்சு அர்த்தம் சொல்லுங்க'ன்னுச்சு. போன்ல காட்டுனாலே மாத்தித் தருமேம்மான்னேன். கவிதைய மெஷின்கிட்ட கேக்கக் கூடாதாம், மனுசன்கிட்டதான் கேக்கணுமாம்."

தமிழ் எழுத்து இருக்கிற வரிகளை மட்டும் பொறுக்கித் தா என்று இயந்திரத்திடம் ஒரு கட்டளை போட்டால் போதும். நொடியில் தந்துவிடும். அவள் போட்டிருக்கிறாள்.

"மழை, ரயிலு, வெயிலுன்னு நல்லாத்தான் எழுதியிருக்கீரு. படிச்சிட்டே வந்தேன். சொல்லச் சொல்ல புள்ள வங்காளத்துல குறிச்சுக்கிட்டே வந்துச்சு. கடேசித் தாளுல அந்த வரி." அவர் என்னைப் பார்க்கவில்லை. தராசுத் தட்டைத் துடைத்தார். "அது யாரைச் சொன்னதுன்னு நான் கேக்கல. பாதி, பெட்டி, மடின்னு இருந்துச்சே, அத வச்சு ஒப்பேத்திட்டேன். 'பாதி பெட்டியில், பாதி மடியில். ரெண்டும் பேசிக்கிட்டாத்தான் நோய் தெரியும்'னு. அந்தப் புள்ளைக்குக் கண்ணு கலங்கிருச்சு, தெரியுமா?"

நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்கும் ரெண்டு பொட்டப் புள்ளைக. மூத்தவளுக்கு இன்னும் ஒண்ணும் தங்கல. அவளும் தமிழ் படிக்கத் தெரிஞ்சவதான்." காபித்தூள் பொட்டலத்தைத் தள்ளினார். "கால் கிலோதானே?"

6

திங்கட்கிழமை முதல் வேலையாக அந்த வரியை ரெசிபியிலிருந்து அழித்தேன். 'தேவையற்ற குறிப்பு நீக்கம்' என்று காரணம் எழுதினேன். ஆனால் அழிப்பதும் ஒரு மாற்றம்தானே? விதிப்படி அதுவும் ஷோமாவின் ஒப்புதலுக்குத்தான் போய் நின்றது. ஒரு மணி நேரம் கழித்து ஒப்பினாள். ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை விழா. சமோசா, ஷொந்தேஷ் இனிப்பு. ஊரில் புவனாவின் தம்பிக்கு நிச்சயதார்த்தம், அவள் போயிருந்தாள். தாரிணி கல்லூரியிலிருந்து நேரே வந்திருந்தாள். ஷோமா மஞ்சள் காகிதம் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொன்னாள்.

சட்டம் போட்ட படம். கறுப்புப் பின்னணியில் வெள்ளைத் தமிழ் எழுத்து, பெரிதாக, அழகாக. கீழே வங்காளத்தில் அண்ணாச்சி சொன்ன அர்த்தம். அதற்கும் கீழே என் பெயர்.

மேலே அந்த வரி. முழுசாக. முதல் சொல்லிலிருந்து.

"எதைப் போடறதுன்னு ரொம்ப யோசிச்சேன்" என்று ஷோமா எல்லோருக்கும் சொன்னாள். "இவர் திங்கட்கிழமை இதை அழிச்சார். இவ்வளவு நல்ல வரியை வெட்கப்பட்டு அழிக்கிறார் பாருங்க! அப்பவே முடிவு பண்ணிட்டேன், இதுதான்னு. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச வேலையைப் பத்தினது வேற."

கைதட்டினார்கள். தாரிணி எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அறையில் இருந்த முப்பது பேரில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சொல்லியிருக்கலாம். படம் தவறிக் கீழே விழுந்தது மாதிரி விட்டிருக்கலாம். அதற்குக்கூடத் துணிவில்லாமல், "தோன்னோபாத்" என்று அவர்கள் மொழியில் நன்றி சொன்னேன். பில்ட் இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஆணி அடித்து அதை மாட்டினார்கள்.

எட்டு மாதம் அது அங்கே இருந்தது. ஷோமா தினமும் அதன் கீழே நின்று டீ சாப்பிட்டாள்.

7

புவனா ஊரிலிருந்து வந்ததும் தாரிணி விழாப் படங்களை அவளுக்குக் காட்டினாள். நான் அடுத்த அறையில் இருந்தேன். பேச்சு சட்டென்று நின்றது. தாரிணி, "கி ஹோலோ அம்மா?" என்றாள், என்னாச்சு என்று வங்காளத்தில். புவனா போனோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"இது யார் எழுதினது?"

"நான்தான்."

"யாரைப் பத்தி?"

அவள் இன்னொரு முறை படித்தாள், உதடு அசைய.

"உங்க அம்மா பேசற மாதிரியே இருக்கு" என்றாள்.

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் சண்டை போடலாம் என்று ஷோமா சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த நாள் காலையில் மட்டும், "நீங்களே அவகிட்ட சொல்லுங்க. வேற யாராவது சொல்லி அவளுக்குத் தெரியக்கூடாது" என்றாள். சரி என்றேன். நாளை என்று நினைத்தேன். பூஜை முடியட்டும் என்று நினைத்தேன். இந்த ஊரில் எதைத் தள்ளிப்போடவும் பூஜை ஒரு நல்ல சாக்கு.

அந்த மாதத்தில்தான் தாரிணி ஏதோ உதவித்தொகைப் படிவம் நிரப்பினாள். தாய்மொழி என்ற கட்டத்தில் வங்காளம் என்று எழுதியிருந்தாள். நான் கத்தினேன். இருபது வருஷம் இங்கே கிடந்தாலும் தமிழர்கள் நாம், அது எப்பேர்ப்பட்ட மொழி தெரியுமா என்றெல்லாம். அவள் அமைதியாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா, தமிழ்னு மாத்தறேன். ஆனா அதை நீ எனக்குப் படிக்கக் கத்துக் குடுக்கவே இல்லையே. இப்ப கத்துக் குடு. ஆபீஸ்ல இருக்கற உன் கவிதையிலேருந்து ஆரம்பிக்கலாம்" என்றாள்.

புவனா சமையலறையிலிருந்து என்னைப் பார்த்தாள். "வங்காளம்னே இருக்கட்டும்" என்றேன்.

8

ஷோமாவின் கணவருக்குப் புனேயில் வேலை கிடைத்தது. அவள் போன வாரம் விடைபெற்றாள். மாலை, பாலிகஞ்ச் தெருவில் டாக்ஸி காத்திருந்தது. அவளுடைய பெட்டிகளை நான்தான் கீழே இறக்கினேன். கடைசியாக மாடிக்குப் போனவள், கைக்குழந்தையைப் போல எதையோ துண்டில் சுற்றி அணைத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"முதலாளிகிட்ட கேட்டுட்டேன். உங்ககிட்டதான் கேக்கணும். இதை நான் எடுத்துட்டுப் போகலாமா தாதா? உங்க விழாப் பரிசுதான், தெரியும். ஆனா நாம சேர்ந்து செஞ்சதுல எனக்குப் பிடிச்ச வேலை அந்த டிபக்கர்தான். புது வீட்டுல கூடத்துல மாட்டணும். மேல் வீட்டுல ஒரு தமிழ்க் குடும்பம் இருக்காங்களாம். முதல்ல அவங்களைக் கூப்பிட்டுக் காட்டப் போறேன்."

எட்டு மாதமாகத் தள்ளிப்போட்டதற்கு இனி ஒரு தெருமுனைகூட மிச்சமில்லை.

"ஷோமா, அதைக் குடு."

"குடுக்கவே மாட்டீங்களா?" அவள் சிரித்தாள்.

"அதுல எழுதியிருக்கறது அது இல்ல."

"எது இல்ல?"

வங்காளத்தில் சொன்னேன். இந்த ஒரு பேச்சுக்காகப் பல முறை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்ததால் என் வங்காளம் அன்று எங்கேயும் இடறவில்லை. அந்த முதல் சொல்லுக்கு அவர்கள் மொழியில் என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதையும் மாற்றாமல் சொன்னேன். கூட்டம் நடந்த அன்று எழுதியது என்றேன். கார் ஜன்னலைப் பார்த்தபடி நீ சொன்னதைத்தான் எடுத்து எழுதினேன் என்றேன். மன்னிப்பு என்ற சொல்லையும் வைத்திருந்தேன். அதை மட்டும் சொல்லவில்லை.

டாக்ஸிக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார். ஷோமா துண்டை விலக்கி, தனக்குப் படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை வரிவரியாகப் பார்த்தாள். விரலை முதல் சொல்லின் மேல் வைத்தாள்.

"இதுவா?"

"ஆமா."

விரலை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் செய்ய ஏதாவது இருந்திருக்கும்.

"காக்கு சொன்ன அர்த்தம்?"

"அவராவே சொன்னது. உன்னைப் பார்த்ததும், அந்த நேரத்துல, அவரா உண்டாக்கினது."

"முதல் சொல்லைப் படிச்சுட்டும்?"

"படிச்சுட்டுத்தான்."

படத்தை என் கையில் கொடுத்தாள். டாக்ஸியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். கண்ணாடியைப் பாதி இறக்கினாள். புவனா அண்ணியையும் தாரிணியையும் கேட்டதாகச் சொல்லுங்கள் என்பாள், அல்லது ஒன்றுமே சொல்லமாட்டாள் என்று நினைத்தேன்.

"அப்போ கவிதை எழுதினது அவர்தானே, ஷண்முக்தா? கீழ இருக்கற உங்க பேரை எடுத்துட்டு, அவர் பேரைப் போட்டுடுங்க."